இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு கணினி

மேசைக் கணினி செய்யும் வேலைகளில் இன்றியமையாதவற்றைக் கோட்டுப் பைக்குள் அடங்கும் பெட்டியொன்றில் கொண்டுவந்துவிட முடியும் என்ற நம்பிக்கை, 1980களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல பொறியாளர் குழுக்களை இயக்கியது. அம்முயற்சிகளில் பிறந்த கருவிகள் பாம்டாப், அதாவது உள்ளங்கைக் கணினி என்று அழைக்கப்பட்டன. மூடினால் மூக்குக்கண்ணாடிக் கூடு போலத் தோன்றும் அவற்றைத் திறந்தால் மேற்பாதியில் திரையும் கீழ்ப்பாதியில் விசைப்பலகையும் இருக்கும். இன்று அவற்றை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் அட்டவணை போட்டுக் காட்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கி, தொலைபேசி எண்களையும் கணக்கு வழக்குகளையும் எழுதி வைத்து, ஆண்டுக்கணக்கில் பையில் சுமந்து திரிந்தவருக்கு அந்த அட்டவணை சொல்லும் செய்தி மிகக் குறைவு. அவர் கேட்ட முதல் கேள்வி, எழுதி வைத்தது நாளைக்கும் இருக்குமா என்பதுதான். விரலுக்கும் கண்ணுக்கும் ஒத்துவருமா, மேசைக் கணினிக்கு மாற்ற முடியுமா என்பன அதற்கு அடுத்தபடியாக வந்தவை.

அந்த முதல் கேள்விக்கான காரணம் கருவிகளின் அமைப்பிலேயே இருந்தது. மேசைக் கணினியில் கோப்புகள் காந்தத் தட்டில் பதிவதால், மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை. சுழலும் தட்டையும் அதைச் சுழற்றும் மோட்டாரையும் பைக்குள் அடக்குவதும் சிறிய பேட்டரியைக் கொண்டு ஓட்டுவதும் அன்று இயலாதிருந்ததால், உள்ளங்கைக் கணினிகளைச் செய்தவர்கள் இருவகைச் சில்லுகளையே நம்பினார்கள். தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு, படிக்க மட்டுமே இடம் தருகிற ரோம் என்னும் நினைவகத்தில் இயக்குதளமும் மென்பொருள்களும் இருந்தன; எழுதவும் அழிக்கவும் இடம் தருகிற, ஆனால் மின்சாரம் அறுந்தால் அனைத்தையும் இழந்துவிடுகிற ராம் என்னும் நினைவகத்தில் உரிமையாளர் எழுதியவை இருந்தன. கருவியை அணைத்தபோது திரையும் செயலியும்தான் நின்றன. ராமுக்குள் மெல்லிய மின்னோட்டம் இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டியிருந்தது. கைவிளக்கில் பேட்டரி தீர்ந்தால் இருட்டாகும், அவ்வளவுதான்; இக்கருவிகளில் பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் ஓராண்டுக் குறிப்புகளும் சேர்ந்தே போயின.

ஐ.பி.எம். கணினியோடு ஒத்திசைந்த முதல் உள்ளங்கைக் கணினியாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது, 1989இல் ஏறத்தாழ 400 டாலர் விலையில் வெளிவந்த அடாரி போர்ட்ஃபோலியோவை. ஒத்திசைவு என்பது இங்கே, 1981இல் வந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரின் செயலிக் குடும்பத்தையும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டாஸ் என்னும் இயக்குதளத்தின் வழக்கங்களையும் பின்பற்றுவது; அதனால் மேசைக் கணினியின் மென்பொருள்களுள் சில இதிலும் ஓடின. பெயர் அடாரியுடையது என்றாலும், கருவியை உருவாக்கியது இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரிலிருந்த டிப் ரிசர்ச் என்ற சிறு நிறுவனம். அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இயன் கல்லிமோர், அதற்கு முன் லண்டனின் சையான் நிறுவனத்தில் ஆர்கனைசர் என்ற கைக்கருவியின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். பின்னர் அமெரிக்காவில் போகெட் என்ற மற்றொரு உள்ளங்கைக் கணினியின் உருவாக்கத்திலும் ஈடுபட்டார். போட்டியாளர்களாகத் தோன்றும் மூன்று கருவிகளின் பிறப்பில் ஒரே மனிதரின் கை இருந்தது என்பது, இத்துறை அன்று எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

போர்ட்ஃபோலியோ ஒரு வி.எச்.எஸ். வீடியோ கேசட்டின் அளவுடையது. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற டபுள்-ஏ வகைப் பென்சில் பேட்டரிகள் மூன்று அதற்குப் போதும். நாள்தோறும் சிறிது நேரம் பயன்படுத்துபவருக்கு அவை சில வாரங்கள் தாங்கின. முகவரி ஏடு, நாட்குறிப்பு, கணிப்பான், உரைத் தொகுப்பான், கணக்குத்தாள் ஆகிய ஐந்தும் ரோமிலேயே இருந்ததால் வாங்கிய நாளன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். குறை அதன் இடநெருக்கடியில் இருந்தது. ஒரு கிலோபைட் என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆங்கில எழுத்துகளுக்கான இடம் என்று கொண்டால், இதன் ராம் மொத்தமே 128 கிலோபைட். அதில் கோப்புகளைச் சேமிக்க எவ்வளவு, மென்பொருள் ஓட எவ்வளவு என்று உரிமையாளரே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்தது. திரையோ வரிக்கு 40 எழுத்து வீதம் 8 வரிகள் மட்டுமே காட்டியது. டாஸ் மென்பொருள்கள் வரிக்கு 80 எழுத்தும் 25 வரியும் கொண்ட திரையை எதிர்பார்த்து எழுதப்பட்டவையாதலால், பெரிய சுவரோவியத்தை ஒரு சிறிய சாளரத்தின் வழியே பகுதி பகுதியாகப் பார்ப்பதுபோல, அந்த எட்டு வரிகளை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்திப் படிக்க நேர்ந்தது. 1991இல் வெளிவந்த டெர்மினேட்டர் 2 திரைப்படத்தில் சிறுவன் ஜான் கானர் பணம் வழங்கும் இயந்திரத்தை ஏமாற்றப் பயன்படுத்தும் கருவி இதுவே என்பதால், இதைக் கையில் தொட்டிராதவர்களும் இதன் உருவத்தை அறிவார்கள்.

அதே 1989இல் அறிவிக்கப்பட்ட போகெட் பிசி, விலையில் போர்ட்ஃபோலியோவைப் போல் ஐந்து மடங்கு, அதாவது ஏறத்தாழ 2000 டாலர். அந்த விலைக்கு 80 எழுத்தும் 25 வரியும் கொண்ட முழுத் திரையும், 512 கிலோபைட் ராமும் கிடைத்தன. ஆனால் அக்கருவியில் உண்மையில் வியக்கத்தக்கது, இவ்வளவும் இரண்டே பென்சில் பேட்டரியில் ஓடியதுதான். மனிதர் எவ்வளவு விரைவாகத் தட்டச்சு செய்தாலும் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே, செயலியின் கணக்கில் நெடுநேரமாகிற ஓர் இடைவெளி கிடக்கிறது. அந்த இடைவெளியில் செயலி வீணே சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக உறங்கிவிட வேண்டும், அடுத்த விசை அழுந்தியதும் விழித்து வேலையை முடித்துவிட்டு மீண்டும் உறங்க வேண்டும் என்பதே போகெட்டின் உத்தி. இன்று பையில் இருக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் இதே ஒழுங்கில்தான் மின்சாரத்தைச் சேமிக்கிறது. இருந்தும் அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் குறைவாகவே இருந்ததால், போகெட் பலரால் மதிக்கப்பட்டுச் சிலரால் மட்டுமே வாங்கப்பட்ட கருவியாக நின்றுவிட்டது.

1991 ஏப்ரலில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 95எல்எக்ஸ் என்ற கருவியை 699 டாலருக்கு வெளியிட்டபோது, உள்ளங்கைக் கணினி எதற்கு என்ற கேள்விக்கு முதன்முறையாக ஒரு தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கார்வாலிஸ் நகரில் அந்நிறுவனத்தின் கணிப்பான்களைச் செய்துவந்த பிரிவே இதையும் செய்தது. ஆகவே விசைகளை அழுத்தும்போது விரலுக்குத் தெரிகிற உறுதியும், வலப்புறத்தில் தனியே ஒதுக்கப்பட்ட எண் விசைத் தொகுதியும், கடன் தவணை, வட்டி, முதலீட்டு வருவாய் ஆகியவற்றை நேரடியாகக் கணக்கிடும் கணிப்பானும் அந்தப் பரம்பரையிலிருந்தே வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய அலுவலகங்களில் கணக்குத்தாள் என்றாலே நினைவுக்கு வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளை, பெயருக்கு ஒரு சுருக்க வடிவமாக இல்லாமல் முழுமையாகவே ரோமில் பதித்திருந்தார்கள். மேசைக் கணினியில் போட்ட கணக்குத்தாளை அப்படியே எடுத்துச் சென்று வாடிக்கையாளரின் முன்னால் ஓர் எண்ணை மாற்றி, மொத்தம் எவ்வளவு மாறுகிறது என்று அங்கேயே காட்ட முடிந்ததால், விற்பனையாளர்களுக்கும் நிதித்துறையினருக்கும் இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றவில்லை. இதன் திரையும் 40 எழுத்துக்கு 16 வரி என்ற அளவில் குறுகியதே; எனினும் போர்ட்ஃபோலியோவைப் போல் இருமடங்கு வரிகள் என்பது கணக்குத்தாளைப் படிப்பதில் பெரிய வேறுபாடு.

திரைக் குறை 1993இல் வந்த 100எல்எக்ஸில் நீங்கியது. அதே அளவுப் பெட்டிக்குள் 80 எழுத்தும் 25 வரியும் கொண்ட திரை வந்துவிட்டதோடு, எழுத்து மிகச் சிறிதாகக் கண்ணை உறுத்தும்போது ஒரு விசையை அழுத்திப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. 1994இல் வந்த 200எல்எக்ஸ் அதன் சற்றே திருந்திய வடிவம். குடும்ப வரவுசெலவு மென்பொருளான குவிக்கனின் பாக்கெட் பதிப்பு அதில் கூடுதலாக இருந்தது. செயலியின் வேகம் 8 மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு, நினைவகம் தொடக்கத்தில் 1 அல்லது 2 மெகாபைட், எடை ஏறத்தாழ 300 கிராம் என்ற இந்த எளிய கருவியை அதன் உரிமையாளர்கள் கொண்டாடிய அளவுக்கு வேறெந்த உள்ளங்கைக் கணினியும் கொண்டாடப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். இக்கருவிக் குடும்பத்துக்கெனவே அமெரிக்காவில் ஒரு தனி இதழ் நடந்தது. டாஸுக்காக உலகெங்கும் எழுதப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான சிறு மென்பொருள்களில் தமக்கு வேண்டியதை எடுத்து இதில் போட்டுக்கொள்ள முடிந்தது; செயலிக்குத் தாளம் போடும் படிகத்தை மாற்றி வேகத்தை இருமடங்காக்கியவர்களும், 32 மெகாபைட் வரை நினைவகத்தைப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. செய்தவர் நினைத்ததற்கும் அப்பால் ஒரு பொருளைக் கொண்டுசெல்ல உரிமையாளருக்கு இடம் கொடுத்ததே இக்கருவியின் உயர்ந்த பண்பு; மூடி ஒட்டப்பட்ட இன்றைய கருவிகளில் அந்த இடம் ஏறத்தாழ இல்லை.

மேற்சொன்னவை யாவும் மேசைக் கணினியைச் சுருக்கிப் பைக்குள் வைக்க முயன்றவை. சையான் நிறுவனம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. டேவிட் பாட்டர் 1980இல் லண்டனில் தொடங்கிய இந்நிறுவனம், 1984இல் ஒரே வரியில் 16 எழுத்துகளை மட்டும் காட்டிய ஆர்கனைசரை வெளியிட்டபோதே, பைக்குள் இருக்கும் கருவி மேசைக் கணினியின் குட்டியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை உணர்ந்திருந்தது. அதன் உள் நினைவகம் 2 கிலோபைட்டே என்பதால், குறிப்புகள் டேட்டாபேக் என்ற செருகு பெட்டியில் பதிந்தன; பேட்டரி தீர்ந்தாலும் அதில் பதிந்தது போகாது. ஆனால் ஒரு குறிப்பை அழித்தால் அது அழிந்ததாக அடையாளமிடப்படுமே தவிர, அந்த இடம் மீண்டும் கிடைக்காது. பெட்டி நிரம்பியபின் புற ஊதாக் கதிரில் வைத்து முழுவதையும் துடைத்தால்தான் மறுபடி எழுதலாம். பனையோலையில் எழுத்தாணி கீறியதைப்போல, எழுதுவதற்கு முன் சிறிது யோசிக்க வைத்த ஊடகம் அது.

1991இல் வந்த சையான் சீரீஸ் 3, டாஸை முற்றிலும் கைவிட்டு, ஈபாக் என்ற சொந்த இயக்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. நாட்குறிப்பிலிருந்து சொற்செயலிக்கும் அங்கிருந்து கணக்குத்தாளுக்கும், எதையும் மூடாமலே, திரைக்குக் கீழே அச்சிட்ட படங்களைத் தொட்டு மாறலாம். ஒவ்வொன்றும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். பல வேலைகளை ஒருசேர நடத்தும் இத்திறன் அன்றைய மேசைக் கணினிகள் பலவற்றிலேயே செம்மையாக இல்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1993இல் வந்த சீரீஸ் 3ஏ திரையை 480க்கு 160 புள்ளிகளாக விரித்ததோடு, குரலைப் பதியவும், தொலைபேசியின் குழலை அருகே பிடித்தால் முகவரி ஏட்டிலுள்ள எண்ணைத் தானே ஒலியாக எழுப்பிச் சுழற்றவும் கற்றிருந்தது. அதன் நாட்குறிப்பு மென்பொருளை, அக்காலத்து உள்ளங்கைக் கணினிகள் அனைத்திலும் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆண்டு முழுவதையும் ஒரு பார்வையிலும், வாரத்தை மறு பார்வையிலும், தாள் நாட்குறிப்பின் பக்கம் போன்ற வடிவிலேயே அது காட்டியது. ஓ.பி.எல். என்ற எளிய நிரல்மொழி கருவியிலேயே இருந்ததால், பயணத்தின்போதே நிரல் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்த்தவர்கள் பலர்.

எனினும் டாஸை விட்டதற்கு ஒரு விலை இருந்தது. மேசைக் கணினியின் மென்பொருள் எதுவும் இதில் ஓடாது. கோப்புகளைக் கொண்டுபோகத் தனியே விற்கப்பட்ட இணைப்புக் கம்பியும் மாற்று மென்பொருளும் வேண்டும். ஆகையால் எண்களோடு வாழ்கிறவருக்கு 200எல்எக்ஸும், நாள்களோடும் சொற்களோடும் வாழ்கிறவருக்கு 3ஏயும் என்று பிரித்துச் சொல்வதே நேர்மையான ஒப்பீடாகும்.

பேட்டரி அச்சத்துக்கு இவ்விரு குடும்பங்களும் கண்ட விடை ஒன்றே. பென்சில் பேட்டரிகளைக் கழற்றி மாட்டும் அந்தச் சில கணங்களில் ராமைத் தாங்கிப் பிடிக்க, கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற நாணய வடிவ லித்தியம் பேட்டரி ஒன்றை உள்ளே வைத்தார்கள். இதனால் பேணுவதற்கு இரண்டு பேட்டரிகள் ஆயின. அவற்றை ஒருபோதும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கக்கூடாது, ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றதை மாற்ற வேண்டும் என்பது ஒவ்வோர் உரிமையாளரும் மனப்பாடமாக அறிந்திருந்த விதி. கூடுதல் காப்புக்காக நினைவக அட்டைகள் விற்கப்பட்டன. ஆனால் அவற்றில் ஒருவகை தானும் ராமால் ஆனதாகையால் தனக்கென ஒரு நாணய பேட்டரியைக் கோரியது. மின்சாரமின்றியே நிலைக்கும் ஃபிளாஷ் வகையைச் சையான் பயன்படுத்தியபோதும், அழித்த கோப்பின் இடம் அட்டையை முழுவதும் துடைக்கும்வரை திரும்பக் கிடைக்காது என்ற டேட்டாபேக்கின் பழைய குணம் அதிலும் தொடர்ந்தது. எல்லா வகையிலும், அட்டைகளின் விலை உரிமையாளரை அடிக்கடி தயங்க வைத்தது.

உடலோடு தொடர்புடைய செய்திகளும் சில உண்டு. பத்து விரலையும் பரப்பித் தட்டச்சு செய்ய இவற்றில் இடமில்லை. மேசைமேல் வைத்து இரு விரல்களாலோ, இரு கைகளிலும் ஏந்திப் பெருவிரல்களாலோதான் எழுத வேண்டியிருந்தது. 1997இல் வந்த சையான் சீரீஸ் 5 மட்டுமே, திறக்கும்போது விசைப்பலகை முன்னோக்கி வழுக்கி வந்து திரைக்கு முட்டுக்கொடுக்கும் அமைப்பினால், ஏறத்தாழ இயல்பான தட்டச்சுக்கு இடங்கொடுத்தது. மார்ட்டின் ரிடிஃபோர்டு வடிவமைத்த அந்தக் கீல் இன்றும் போற்றப்படுகிறது. அந்தக் கீலின் வழியே திரைக்குச் செல்லும் நெகிழ்கம்பி நாளடைவில் மடிந்து மடிந்து அறுந்துபோவதும் அதே கருவியின் நன்கறியப்பட்ட குறை. 95எல்எக்ஸ், 200எல்எக்ஸ், சீரீஸ் 3 போன்றவற்றின் திரைகளில் பின்னொளி கிடையாது; மேலிருந்து விழும் ஒளியைத் திருப்பியனுப்பியே அவை எழுத்தைக் காட்டின. மின்சாரம் மிச்சமாவதற்கும், இரவுப் பேருந்தில் படிக்க இயலாமற்போவதற்கும் காரணம் இதுவே.

விசைப்பலகையே வேண்டாம் என்று புறப்பட்ட ஆப்பிளின் நியூட்டன், 1993 ஆகஸ்டில், 95எல்எக்ஸ் வெளிவந்த அதே 699 டாலர் விலையில் வந்தது. உரிமையாளர் தம் இயல்பான கையெழுத்தில் எழுத, கருவி அதைப் படித்துத் தன் அகராதியோடு ஒப்பிட்டு அச்செழுத்தாக மாற்ற வேண்டும் என்பது திட்டம். அகராதியில் இல்லாத ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் அது தடுமாறியது. நாட்குறிப்பில் மிகுதியாக எழுதப்படுபவை பெயர்களே என்பதால் அத்தடுமாற்றம் உரிய இடத்திலேயே வலித்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அது பெரிதும் திருந்தியபோதும், முதல் ஆண்டில் ஏற்பட்ட அவப்பெயரிலிருந்து நியூட்டன் மீளாமல் 1998இல் நிறுத்தப்பட்டது.

1996இல் வெளிவந்த பைலட் என்ற கைக்கருவி, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து, கருவியின் அளவு எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் தொடங்கியது. 299 டாலர் விலையுள்ள பைலட் 1000இல் 128 கிலோபைட் நினைவகமே இருந்தது. அது ஏழாண்டு முன்னர் போர்ட்ஃபோலியோவில் இருந்த அதே அளவு. கிராஃபிட்டி என்ற முறையில், ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் எழுதுகோலைத் தூக்காமல் ஒரே கோட்டில் போட உரிமையாளர் பழகிக்கொள்ள வேண்டும். நடுக்கோடு இல்லாத ‘ஏ’ ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம், கற்றபின் கருவி பிழை செய்வது அரிது. ஆனால் பைலட் உரிமையாளருக்குச் செய்த பெரிய நன்மை பெட்டியோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட தொட்டிலில் இருந்தது. மேசைக் கணினியோடு இணைந்த அந்தத் தொட்டிலில் கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், இரு பக்கத்திலும் புதிதாக எழுதியவை ஒன்றோடொன்று ஒத்துக்கொண்டு, முழுப் படியும் மேசைக் கணினியின் தட்டில் பதிந்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும், கருவியே தொலைந்தாலும், கடைசியாக அழுத்திய பொத்தான் வரையிலான குறிப்புகள் வீட்டில் இருந்தன. முந்தைய கருவிகளின் உரிமையாளர்களும் கம்பி வழியே படியெடுத்தார்கள்தான். ஆனால் கம்பியைத் தேடி, மென்பொருளைத் திறந்து, கோப்புகளைத் தேர்ந்து செய்யவேண்டிய அந்த வேலையைச் சோர்வுற்ற மாலைகளில் தள்ளிப்போட்டவர்களே மிகுதி.

மேசைக் கணினியாகும் ஆசையைப் பைலட் விட்டுவிட்டதால் அது விலை குறைந்தது, எளிதானது, வென்றது. அந்த வெற்றியில் நீண்ட உரையை எழுதும் விசைப்பலகையும், கணக்குத்தாளும், தன் கருவிக்குத் தானே நிரல் எழுதும் உரிமையும் பையை விட்டு நீங்கின என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சையானின் ஈபாக் 1998இல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவை இணைந்த சிம்பியன் என்ற கூட்டு நிறுவனத்துக்குச் சென்று, பின்னாளில் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் இயக்குதளமாயிற்று. 200எல்எக்ஸின் உற்பத்தி 1999இல் நின்றது. நின்றபின் அதன் பழைய கருவிகளைப் பழுதுபார்த்து விற்பதும் வாங்குவதும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. ஒளிப்படக் கருவிகளுக்காக வந்த காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையை ஒரு சிறிய பொருத்தியின் உதவியால் அதன் துளையில் செருகினால் அது ஏற்றுக்கொள்கிறது என்று உரிமையாளர்கள் கண்டுகொண்டபின், அவர்கள் எழுதியவை பேட்டரியை நம்பி இருக்கவேண்டிய நிலை அக்கருவியிலும் ஒருவழியாக நீங்கியது.